மலாயாவிலிருந்து எங்களை யாரும் துரத்தவில்லை

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நம் வீட்டுக் கூடத்தில், இருபது பேருக்கு முன்னால் நீ ஒரு கதை சொன்னாய். இருபது பேருக்கு முன்னால் சொன்ன கதைக்கு மூடிய உறைக்குள் பதில் எழுத எனக்கு இஷ்டமில்லை. அதனால் இதைப் பிரதி எடுத்து, அன்று வந்து சாப்பிட்டுப் போன எல்லோருக்கும் கொடுக்கப்போகிறேன். உனக்கு வெட்கமாக இருக்கும். எனக்கும் வெட்கம்தான். ஆனால் வெட்கத்தைவிடக் கோபம் பெரிதாக இருக்கிறது. நாலு நாளாகியும் குறையவில்லை. எழுபத்தேழு வயதில் இவ்வளவு கோபம் உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் சொல்வார். சொல்லட்டும்.

நீ கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறாய் என்றுதான் அந்த விருந்து. நான் கேட்டுக்கொண்டதால் பரீதா டீச்சர் காத்தான்குடியிலிருந்து வந்திருந்தா. இருபத்திரண்டு வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் நான் சரித்திரமும் அவ கணக்கும் படிப்பித்தோம். உனக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்கு ஏறவில்லை என்று பள்ளிக்கூடம் விட்டபிறகு உன்னை இருத்திவைத்துச் சொல்லித்தந்ததும் அவதான். முழங்கால் வலியோடு ஆட்டோவில் வந்தா. உனக்கு உடுக்கவென்று மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஒன்று கொண்டுவந்தா. சாப்பிட உட்கார்ந்த பிறகு உன் சிநேகிதன் ஒருவன், "அங்க முஸ்லிம் ஆட்சிதானே மச்சான், பயமில்லையா?" என்று கேட்டான். நீ சிரித்துக்கொண்டு சொன்னதை நான் ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"பயம் என்னத்துக்கு? அவங்க ஆரெண்டு எங்களுக்குப் புதுசில்ல. எங்கட அம்மப்பாவ அவங்க துரத்தினவங்கதானே. முப்பது வருசம் அந்த நாட்டுக்கு உழைச்ச மனுசன். வெள்ளக்காரன் இருக்கும்வரைக்கும் மரியாதையா இருந்தார். அவன் போனவுடன மலாய்க்காரன் வெளிய போ எண்டுட்டான். இவங்கட கையில நாட்டக் குடுத்தா எங்கயும் இதுதான் நடக்கும். ஏன் அவ்வளவு தூரம் போவான், காத்தான்குடியப் பாத்தாலே விளங்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். காத்தான்குடி முஸ்லிமான பரீதா டீச்சரின் கை சோற்றில் அப்படியே நின்றது. பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவினா. "நான் வாறன் டீச்சர்" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, சாரத்தைக் கதிரையில் வைத்துவிட்டுப் போனா. மீன் பாதியில் கிடந்தது. நீ கவனிக்கவில்லை, அடுத்த கதைக்குப் போய்விட்டாய். நான் கவனித்தேன். கவனித்துக்கொண்டே பக்கத்து ஆளுக்கு இரண்டாம் தரம் சோறு போட்டேன். அந்த இடத்தில் உன்னை நிறுத்தி, "பொய் சொல்லாதே" என்று ஒரு சொல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்றால் அந்தப் பொய் என்னுடையது. நீ பிறப்பதற்கு முன்பே செத்துப்போன மனிதரைப்பற்றி உனக்கு என்ன தெரியும்? நான் ஊட்டியதைத்தான் நீ துப்பினாய். ஆகவே இந்தக் கோபத்தில் பாதி எனக்கு உரியது. மிச்சப் பாதியை நீ வாங்கிக்கொள். நாற்பது வயது ஆணுக்குத் தான் சொல்லும் கதை உண்மையா என்று ஒருநாளாவது கேட்கத் தோன்றியிருக்க வேண்டும்.

உன் அம்மப்பா, என் அப்பா, மட்டக்களப்புக்குத் தெற்கே மண்டூர்க்காரர். வயல்வட்டையில் நெல் விளைந்தது, ஆனால் ஆறு ஆண்பிள்ளைகளுக்கு அது காணாது. படிப்பில் கெட்டிக்காரர் என்று மட்டக்களப்புப் பட்டணத்தில், புளியந்தீவு மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அங்கே அவருக்கு நல்ல ஆங்கிலமும், அச்சடித்தது போன்ற கையெழுத்தும் கிடைத்தன. இருபது வயதில் கப்பலேறி மலாயாவுக்குப் போய், தைப்பிங் என்ற ஊரில் அரசாங்க நில அலுவலகத்தில் எழுத்தரானார். இதை நீ பெருமையாகச் சொல்வாய். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் மலாயாவில் ஒரு எழுத்தருக்கு ஏன் மட்டக்களப்பிலிருந்து ஆள் பிடித்தார்கள் என்று யோசித்திருக்கிறாயா? அங்கே பிறந்தவனுக்கு எழுதப் பழக்கினால் ஆகாதா?

பழக்கவில்லை. பழக்கக்கூடாது என்பதுதான் திட்டம். வெள்ளைக்காரன் அந்த நாட்டைப் பெட்டிபெட்டியாகப் பிரித்துவைத்திருந்தான். ஈயச் சுரங்கத்துக்குச் சீனன். றப்பர் தோட்டத்துக்குத் தமிழ்நாட்டுக் கூலி. கந்தோர் எழுத்துவேலைக்கும் ரெயிலுக்கும் இலங்கைத் தமிழன். மலாய்க்காரன் கிராமத்திலிருந்து நெல் விதைத்து மீன் பிடிக்க வேண்டும். அவன் பிள்ளைகளுக்கு நாலு வருடக் கிராமப் பள்ளிக்கூடம். அங்கே கொஞ்சம் எழுத்து, கூடை பின்னல், தோட்டவேலை. ஆங்கிலம் இல்லை. ராஜ குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் தனிப் பள்ளிக்கூடம், சின்ன உத்தியோகம். இதற்கு அவன் வைத்த பெயர் பாதுகாப்பு. மலாய்க்காரனை மற்றவர்களிடமிருந்து பாதுகாக்கிறானாம். பாதுகாத்து, படிக்கவிடாமல் வைத்து, பிறகு அவன் சோம்பேறி, ஆளத் தெரியாதவன் என்று புத்தகத்தில் எழுதினான். உன் அம்மப்பா அதை எழுத்துக்கு எழுத்து நம்பினார். தான் கெட்டிக்காரன் என்பதால் கூட்டிவந்தார்கள் என்று நினைத்தார். சம்பளத்துக்கு அடங்கி நடக்கும் அந்நியன் என்பதால் கூட்டிவந்தார்கள் என்பது கடைசிவரை அவருக்குப் படவில்லை.

அந்தக் கந்தோருக்கு யூசோப் என்று ஒரு மலாய் இளைஞர் பியோனாக வந்தார். ஊருக்கு வெளியே பத்து மைல் தள்ளிய கிராமம், நெல் விதைக்கிற குடும்பம். அவருக்கு ஆங்கிலம் படிக்க ஆசை. கந்தோர் முடிந்தபிறகு அப்பா அவருக்கு டைப் அடிக்கப் பழக்கினார், ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். இந்த நன்மை அப்பா செய்ததுதான், அதை நான் மறைக்கவில்லை. யூசோப் அவரைக் 'குரு' என்று கூப்பிட்டார். மலாய் மொழியிலும் ஆசிரியருக்கு அதே சொல்தான். பிறகு பிறந்த நான் அவரை மாமா என்று கூப்பிட்டேன்.

ஜப்பான்காரன் வடக்கிலிருந்து இறங்கியபோது என்ன நடந்தது என்பதை என் அம்மா எனக்குப் பலதரம் சொல்லியிருக்கிறா. ஒருநாள் காலையில் நில அலுவலகத்துத் துரை காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார். நாய்க்கும் காரில் இடமிருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுச் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து, கந்தோரைப் பார்த்துக்கொள், நான் திரும்பி வருவேன் என்றார். வெள்ளைக்காரக் குடும்பங்கள் எல்லாம் தெற்கே போய்விட்டன. உன் அம்மப்பா மூன்று நாள் அந்தச் சாவியோடு கந்தோரில் உட்கார்ந்திருந்தார். சந்தையில் குண்டு விழுந்தும் அசையவில்லை. மூன்றாம் நாள் யூசோப் சைக்கிளில் வந்தார். கர்ப்பமாக இருந்த என் அம்மாவைச் சைக்கிளில் பின்னால் ஏற்றி, அப்பாவைப் பக்கத்தில் நடக்கவைத்து, பத்து மைல் தன் கிராமத்துக்குக் கூட்டிப்போனார். மரக்கால்களின்மேல் நின்ற அவர்கள் வீட்டில் அம்மாவும் அப்பாவும் நாலு மாதம் இருந்தார்கள். யூசோப்பின் தாய்தான் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்தா. அந்தப் பிள்ளை, என் அண்ணா, எட்டு நாளில் செத்துப்போனான். அந்தக் கிராமத்து மண்ணில்தான் அவனைப் புதைத்தார்கள். இதை எப்போதாவது உனக்குச் சொன்னேனா? இல்லை. இதைச் சொன்னால் துரத்தினார்கள் என்ற கதையைச் சொல்ல முடியாதே.

சண்டை முடிந்து அந்தத் துரையும் திரும்பி வந்தார். சாவியைத்தான் முதலில் கேட்டாராம். அதற்கடுத்த வருடம், நாற்பத்தாறில், வெள்ளைக்காரன் மலாய்ச் சுல்தான்களைத் தனித்தனியாக நெருக்கிக் கையெழுத்து வாங்கி, அவர்கள் ராஜ்ஜியங்களை ஒன்றாக்கி, எல்லா அதிகாரத்தையும் தன் கைக்கு எடுத்தான். கேட்டால், வந்து குடியேறிய எல்லோருக்கும் பிரஜாவுரிமை தருகிறோம், இது நீதி என்றான். நேற்றுவரை மலாய்க்காரனைப் பாதுகாக்கிறேன் என்றவன், அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவன் வீட்டை எழுதிக் கொடுத்தான். மலாய்க்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆண்கள் தொப்பியைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டித் துக்கம் காத்தார்கள். கிராமத்துப் பெண்கள்கூட ஊர்வலம் போனார்கள். யூசோப்பும் வெள்ளைத் துணி கட்டிய தொப்பியோடு கந்தோருக்கு வந்தார். உன் அம்மப்பா எல்லோருக்கும் கேட்கும்படி, "யார் செத்தது யூசோப்? உன் சுல்தானா?" என்று கேட்டுச் சிரித்தார். கந்தோரே சிரித்தது. யூசோப் தன் மேசையில் போய் உட்கார்ந்தாராம். அப்பா இதை ஒரு பகிடியாகத்தான் எனக்குச் சொன்னார். நானும் பகிடியாகக் கேட்டேன். அந்தச் சிரிப்பைத்தான் ஞாயிற்றுக்கிழமை நம் கூடத்தில் மறுபடி கேட்டேன், மகனே.

மலாய்க்காரர்கள் விடவில்லை. இரண்டு வருடத்தில் அந்தத் திட்டத்தை வெள்ளைக்காரன் கைவிட வேண்டியதாயிற்று. அதற்குப் பதிலாக வந்த கூட்டாட்சியில் வந்தேறியவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைப்பது கடினமாயிற்று. இதில் நியாயமும் இருந்தது, அநியாயமும் இருந்தது. மூன்று தலைமுறை றப்பர் மரம் சீவிய தமிழனுக்கும் அந்தக் கதவு ஒடுங்கியது. "மண்ணின் மைந்தர் என்று சிங்களவன் சொன்னதைத்தானே அவனும் சொன்னான்?" என்று நீ கேட்பாய். கேள். அது கேட்க வேண்டிய கேள்வி. அங்கே தோட்டத் தமிழருக்கு நடந்ததைப் பற்றி நீ கோபமாகப் பேசினால் நான் உன் பக்கத்தில் நிற்பேன். ஆனால் நீ அவர்களைப் பற்றிப் பேசவில்லை. உன் அம்மப்பாவும் பேசவில்லை. தோட்டத்து ஆட்களை அவர் வாசற்படி ஏறவிட்டதில்லை. அவருக்கு நடக்காத அநியாயத்தை அவருக்கு நடந்ததாக நாம் சொல்லித்திரிந்தோம்.

இனி ஐம்பத்தேழாம் ஆண்டு. சுதந்திரம் வந்து சில வாரங்கள் இருக்கும். எனக்கு ஒன்பது வயது. சாப்பாட்டு மேசையில் கணக்குச் செய்துகொண்டிருந்தேன். யூசோப் மாமா சைக்கிளை வெளியே சாத்திவிட்டு ஒரு காக்கி உறையோடு வந்தார். அவர்கள் பாதி ஆங்கிலத்திலும் பாதி மலாயிலும் பேசினார்கள். எனக்கு இரண்டும் விளங்கும்.

"குரு, எல்லாரையும் சேர்த்து எழுதிவிட்டேன். கையெழுத்து மட்டும்தான் மிச்சம். ஒரு வருடத்துக்குள் கொடுத்தால் மொழிச் சோதனைகூட இல்லை."

அது பிரஜாவுரிமைப் படிவம். அவரே கைப்பட நிரப்பியிருந்தார். அப்பா அதைத் தொடவில்லை.

"உனக்கு உயர்வு கொடுத்திருக்கிறார்களாமே?"

"ஓம் குரு. உதவி நில அதிகாரி."

"அப்படியென்றால் இனி நீ உள்ளே வரும்போது நான் எழுந்து நிற்க வேண்டும்."

"வேண்டாம் குரு. நீங்கள் உட்கார்ந்தே இருங்கள்."

"உன்னுடைய தயவில் உட்கார்ந்திருக்க நான் கடல் தாண்டி வரவில்லை."

யூசோப் மாமா கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். சத்தம் போடவில்லை. "என் தகப்பன் தன் நிலத்தில் றப்பர் நட அனுமதி கேட்டார். ஊரில் எல்லோரும் றப்பரால் பிழைத்த காலம். 'மலாய்க்காரன் நெல் மட்டும்தான் விதைக்கலாம்' என்று பதில் வந்தது. கையெழுத்து துரையுடையது. கடிதம் எழுதிய எழுத்து உங்களுடையது. கந்தோருக்கு வந்த முதல் வாரமே அந்த எழுத்தை நான் கண்டுபிடித்தேன். தெரிந்துகொண்டுதான் உங்களிடம் படித்தேன். தெரிந்துகொண்டுதான் உங்கள் மனைவியைச் சைக்கிளில் ஏற்றினேன்."

"எழுதச் சொன்னதை எழுதினேன். அது என் வேலை" என்றார் அப்பா.

"எங்களால் ஆள முடியாது என்று சிரித்தீர்கள். இப்போது ஆளப்போகிறோம். நன்றாக ஆள்வோமோ, எனக்குத் தெரியாது. கூட இருந்து பாருங்கள் என்று கேட்கத்தான் வந்தேன்."

அப்பா படிவத்தை மேசையின் மறுபக்கம் தள்ளினார். அது என் கணக்குக் கொப்பியின்மேல் வந்து நின்றது. யூசோப் மாமா அதை எடுக்காமல் போய்விட்டார். அவர் போன பிறகு குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மா வந்தா. "அந்த மனுசன் இல்லாட்டி நாம எல்லாரும் எப்பவோ செத்திருப்பம். என்ட புள்ள அவங்கட மண்ணுக்குள்ள கிடக்கு. இதில ஒரு கையெழுத்துப் போட்டா உங்கட கை முறிஞ்சிடுமா?" என்று கேட்டா. அப்பா சொன்ன பதில்தான் நாங்கள் மலாயாவை விட்டு வந்ததன் முழுச் சரித்திரம். "நான் டைப் பழக்கினவனுக்குக் கீழ எனக்கு இருக்க ஏலா."

அவ்வளவுதான். யாரும் துரத்தவில்லை. அடுத்த வருடம் கப்பலேறினோம். மண்டூருக்கு வந்த முதல் கிழமையே, எதற்கு வந்துவிட்டீர்கள் என்று கேட்ட சொந்தக்காரர்களிடம் அப்பா, "மலாய்க்காரன் இருக்க விடல்ல" என்றார். அம்மா என்னைப் பார்த்தா. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்போதே அந்தப் பொய் எங்கள் வீட்டுக்குள் வந்து குடியேறிவிட்டது.

இங்கே வந்தால் நிலைமை என்ன? அவருடைய ஆங்கிலத்துக்குப் பெறுமதி போய்விட்டது. சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அதற்கு மேலே எனக்கு ஒரு சிக்கல். நான் வெளிநாட்டில் பிறந்தவள். நான் இந்த நாட்டுப் பிரஜை என்று நிரூபிக்க என் அப்பாவும் அவருடைய அப்பாவும் இலங்கையில் பிறந்ததாக அத்தாட்சி காட்ட வேண்டும். மலைநாட்டுத் தமிழரை நாடற்றவர்களாக்கச் செய்த சட்டம் அது. அந்தச் சட்டம் வந்தபோது உன் அம்மப்பா தைப்பிங்கில் பத்திரிகையை மடித்துவைத்துவிட்டு, "அது தோட்டக்காட்டான்ட பிரச்சினை, நமக்கென்ன" என்றவர். இப்போது கோட்டைக்குள் இருந்த கச்சேரியில், அரசாங்க அதிபரின் காரியாலயத்தில், ஒரு யன்னலுக்கு முன்னால் நாள்கணக்காக நின்றார்.

"உங்கட தகப்பனார் இஞ்சதான் பிறந்தவர் எண்டதுக்கு அத்தாட்சி என்ன ஐயா?"

"மண்டூரில கேட்டுப் பாருங்க. முழு ஊரும் சொல்லும்."

"ஊர் சொன்னாக் காணாது. கடதாசி வேணும்."

கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது, முழுக்கச் சிங்களத்தில். முப்பது வருடம் மற்றவர்களுக்கு விளங்காத மொழியில் கடிதம் எழுதிய மனிதர், தனக்கு விளங்காத மொழியில் வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு புளியந்தீவுத் தெருவில் நின்றார். ஒரு புடவைக்கடைக்காரர், கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போய்வந்து சிங்களம் பழகியவர், "தாங்க ஐயா, வாசிச்சுச் சொல்றன்" என்று வாங்கினார். அத்தாட்சி போதாது என்று எழுதியிருந்ததாம். வாசித்துச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. மண்டூருக்கு வந்து எங்கள் பழைய காணி உறுதிகளைத் தேடவைத்து, அதில் என் பாட்டனாரின் தகப்பன் பெயரைக் கண்டுபிடித்து, அடுத்த தரம் கொழும்புக்குப் போனபோது தானே அந்தக் காரியாலயத்தில் வரிசையில் நின்றார். இரண்டுதரம் திருப்பி அனுப்பினார்கள், மூன்றாம் தரமும் போனார். நான் இந்த நாட்டுப் பிரஜை. ஆகவே நீயும் பிரஜை. இப்போது நீ விசாக் குத்தக் கொடுத்திருக்கும் கடவுச்சீட்டு அந்த மனிதர் வரிசையில் நின்றதால் வந்தது. அவர் காத்தான்குடிக்காரர். பரீதா டீச்சரின் வாப்பா.

இன்னும் ஒருதரம் வாசி. நீ யாரைப் பார்த்து, "காத்தான்குடியப் பாத்தாலே விளங்கும்" என்றாய் என்று விளங்குகிறதா?

என்னுடைய பங்கையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் நான் மலாயாக்காரி என்று பிள்ளைகள் கேலி செய்தபோது, எங்களைத் துரத்திவிட்டார்கள் என்று சொன்னேன். உடனே எல்லோரும் இரக்கப்பட்டார்கள். அந்த இரக்கம் எனக்கு இனித்தது. ஆசிரியையான பிறகு, ஆசிய நாடுகளின் சுதந்திரம் என்ற பாடம் வரும்போதெல்லாம், வெள்ளைக்காரர் நீதியாக ஆண்டார்கள், அவர்கள் போன பிறகுதான் சிறுபான்மையினருக்குக் கஷ்டம் வந்தது என்று என் தகப்பனையே உதாரணம் காட்டினேன். எத்தனை பிள்ளைகளின் தலையில் அதை ஏற்றினேனோ! நம்மைப் பிரித்துவைத்தவனை நடுவராக்கி, பிரிக்கப்பட்ட மற்றவனைக் குற்றவாளியாக்கினேன். சரித்திர ஆசிரியை!

எழுபத்தெட்டுப் புயல் மட்டக்களப்பைப் பிய்த்தெறிந்த சில வாரங்களில் யூசோப் மாமாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இருபது வருடத்துக்குப் பிறகு. உங்கள் ஊரில் புயல் என்று வானொலியில் கேட்டேன், உயிரோடு இருக்கிறீர்களா, உங்கள் மகன் புதைந்த இடத்தை நாங்கள் இன்னும் துப்புரவாக வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார். அப்பா வாசித்துவிட்டுக் கடிதத்தை என்னிடம் நீட்டினார். "பதில் எழுதட்டா அப்பா?" என்று கேட்டேன். "என்னத்த எழுதுவாய்?" என்றார். நான் எழுதவில்லை. எனக்கு முப்பது வயது, படித்தவள், பேனா கையில் இருந்தது. எழுதினால் இத்தனை வருடம் சொன்ன பொய்யை விட வேண்டி வரும் என்று எழுதவில்லை. அந்த மனிதர் நாங்கள் செத்துவிட்டோம் என்றே நினைத்திருப்பார்.

தொண்ணூறாம் ஆண்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். நம் இயக்கத்தார் சுட்டு அவர்கள் பள்ளிவாசலிலும் இரத்தம், பதிலுக்கு நம் கிராமங்களிலும் இரத்தம். பல மாதம் கழித்துப் பரீதா டீச்சர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தபோது, ஆசிரியர் அறையில் யாரோ அவவின் கதிரையைத் தனியாகச் சுவரோடு தள்ளிப் போட்டிருந்தார்கள். நான் அதை இழுத்து என் பக்கத்தில் போட்டிருக்கலாம். போடவில்லை. ஒரு தவணை முழுக்க அவ அங்கேதான் இருந்து கொப்பி திருத்தினா. அதற்குப் பிறகும் என்னோடு பேசினா. உனக்குக் கணக்குச் சொல்லித்தந்தது அதற்குப் பிறகுதான்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் காத்தான்குடிக்குப் போனேன். பரீதா டீச்சர் என்னை இருத்தித் தேத்தண்ணி தந்தா. உனக்கு மேலே எழுதிய எல்லாவற்றையும் சொன்னேன். முடித்த பிறகு, "இதெல்லாம் வாப்பா எங்களுக்குச் சொன்னவர் டீச்சர்" என்றா. "நீங்களாச் சொல்லுவீங்க எண்டு நானும் எத்தின வருசமாப் பாத்துக்கொண்டு இருந்தன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவ என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினா. மறுகா சொன்னா: "உங்களோட எனக்குக் கோவம் இல்ல, கவலதான். அது உங்களுக்கும் எனக்கும் உள்ளது, நாம பாத்துக்கொள்ளுவம். ஆனா அவன் சொன்னது என்ட ஊர, என்ட ஆக்கள. அதுக்கு நீங்க வந்து மன்னிப்புக் கேட்டு வேல இல்ல. அவன் வரட்டும்."

அவ சொன்னது சரி. தாய் போய் மன்னிப்புக் கேட்டால் மகன் விமானம் ஏறிவிடலாம் என்று நாம் நினைத்தோம், இல்லையா? அது நடக்காது.

கோலாலம்பூரில் உனக்கு மேலே ஒரு மலாய்க்காரர் அதிகாரியாக இருப்பார். அவர் உள்ளே வந்தால் எழுந்து நில். அவர் நல்லவராக இருக்கலாம், கெட்டவராகவும் இருக்கலாம். அதை அவர் செய்வதை வைத்து முடிவு செய், வெள்ளைக்காரன் எழுதிவைத்ததையோ உன் அம்மா சொல்லித்தந்ததையோ வைத்து வேண்டாம். அங்கே தமிழருக்கு அநியாயம் நடந்தால் வாயைத் திற. ஆனால் உன் குடும்பத்துக்கு நடக்காததைச் சொல்லிக்கொண்டு திறக்காதே.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. விசா அலுவலாகப் போயிருக்கும் கொழும்பிலிருந்து விடைபெற வரும்போது நேராக வீட்டுக்கு வராதே. பஸ்ஸை விட்டு இறங்கிக் காத்தான்குடிக்குப் போ. துணைக்கு நான் வரமாட்டேன். கையில் ஒன்றும் கொண்டுபோகாதே, பரிசு கொடுத்துத் தப்பிக்கிற காரியம் இல்லை இது. டீச்சர் வீட்டு வாசலில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. என்ன சொன்னாய் என்பதை, சொன்ன அதே சொற்களில், முதலில் உன் வாயாலேயே திருப்பிச் சொல். பிறகு மன்னிப்புக் கேள். அவ உள்ளே கூப்பிட்டால் போ. கூப்பிடாவிட்டால் தெருவில் நின்றே கேள், போகிற வருகிறவர்கள் பார்க்கட்டும். இதைச் செய்யாமல் என்னிடம் விடைபெற வந்தாயென்றால், கதவைத் திறக்கமாட்டேன், மகனே.

உன் அம்மா